சிரிக்க வைத்த சிறுவர்கள்

1. சுவாமியைத் தெரியுமா?

நெற்றியில் நாமம் இட்ட ஒரு பையன். அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் பயம். கணக்கு என்றால் இன்னும் பயம். அப்பாவுக்குத் தெரியாமல் ஏதாவது செய்வான். மாட்டிக்கொள்வான். முழிப்பான். அவன் முழிப்பதைப் பார்த்து நாம் சிரிப்போம்.

அந்தப் பையன் பெயர் சுவாமி. 1980-களின் பின்பாதியில் தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். தொலைக்காட்சி உள்ள ஒரு வீட்டில் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்த காலம் அது.

கதையை எழுதியவர் ஆர்.கே. நாராயண். அவர் சென்னையில் பிறந்தவர். மைசூரில் வாழ்ந்தவர். தொடரை இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். சிவமொக்கா மாவட்டத்தில் ஆகும்பே என்ற மழைக்காட்டு ஊர் இருக்கிறது. அந்த ஊரையே மால்குடி ஆக்கிப் படம் பிடித்தார்கள். சுவாமியாக நடித்த சிறுவன் பெங்களூருப் பையன். மாஸ்டர் மஞ்சுநாத் என்று அவனை அழைத்தார்கள்.

ஒவ்வொரு பகுதியும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சின்னப் படம். சின்னப் பையன். பெரிய சிரிப்பு.

இப்படிச் சிறுவர்களை வைத்துச் சின்னச் சின்னச் சிரிப்புப் படங்கள் எடுக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? சினிமா பிறந்த ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அந்தக் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம். நம்மைச் சிரிக்க வைத்த அந்தச் சிறுவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் படிப்போம்.

2. உலகின் முதல் சிரிப்புப் படம்

பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே லூமியர் சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். அவர்கள் 1895-ஆம் ஆண்டில் ஓடும் படம் எடுக்கும் கருவியைச் செய்தார்கள். கருவிக்குள் சுமார் 17 மீட்டர் நீளப் படச்சுருள்தான் பிடிக்கும். கையால் சுற்றினால் ஒரு நிமிடத்துக்குள் சுருள் தீர்ந்துவிடும். ஆகவே அன்று எல்லாப் படமும் ஒரு நிமிடப் படம்தான். பேச்சும் கிடையாது. பாட்டும் கிடையாது.

அந்த ஆண்டு அவர்கள் எடுத்த ஒரு படத்தின் கதை இது.

ஒரு தோட்டக்காரர் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் ஒரு சிறுவன் மெதுவாக வருகிறான். குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. ஏன் தண்ணீர் வரவில்லை? தோட்டக்காரர் குழாயின் வாயை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கிறார். சிறுவன் காலை எடுக்கிறான். சளார் என்று தண்ணீர் முகத்தில் அடிக்கிறது! தொப்பி பறக்கிறது. தோட்டக்காரர் சிறுவனைத் துரத்திப் பிடிக்கிறார். இழுத்து வந்து பின்பக்கம் நாலு அடி போடுகிறார்.

கதை அவ்வளவுதான். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உலகில் கதை சொன்ன முதல் சிரிப்புப் படம் என்று இதைச் சொல்கிறார்கள். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அன்று காட்டிய 10 படங்களில் இதுவும் ஒன்று.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் சிரிப்புப் படத்திலேயே ஒரு சிறுவன் நடித்தான். அந்தப் படத்திலேயே அவனுக்கு அடியும் விழுந்தது.

3. நம் நாட்டில் வந்த குட்டிக் கிருஷ்ணன்

அடுத்த ஆண்டே, 1896-இல், பம்பாயில் லூமியர் படங்களைக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் படம் காட்டியவர்களில் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். திடலில் கூடாரம் அடித்து, மக்களைத் தரையில் உட்கார வைத்துப் படம் காட்டினார்.

அவை ஊமைப் படங்கள். பேச்சுக்குப் பதிலாக இடையிடையே எழுத்து வரும். அன்று நம் மக்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. எனவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். ஆனால் ஒரு சிறுவன் குறும்பு செய்வதைப் புரிந்துகொள்ள எழுத்தும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். எந்த ஊர்க்காரரும் சிரிக்கலாம். சிறுவர் படங்கள் உலகம் முழுவதும் ஓடியதற்கு இது ஒரு காரணம்.

இந்தியாவில் முதல் முழுநீளக் கதைப்படம் எடுத்தவர் தாதாசாகிப் பால்கே. அவர் மராட்டியர். படத்தின் பெயர் ‘ராஜா ஹரிச்சந்திரா’. 1913-இல் வந்தது. அதில் ஹரிச்சந்திரனின் மகனாக நடித்தது பால்கேயின் சொந்த மகன். அந்தக் காலத்தில் சினிமாவில் நடிக்கப் பெண்கள் முன்வரவில்லை. அதனால் சந்திரமதி வேடத்தை ஓர் ஆண் போட்டார்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1919-இல் பால்கே ‘காளிய மர்தன்’ என்ற படத்தை எடுத்தார். பாம்பின் தலைமேல் ஆடும் குட்டிக் கிருஷ்ணனின் கதை. கிருஷ்ணனாக நடித்தது யார்? பால்கேயின் மகள் மந்தாகினி! அவளுக்கு அப்போது ஏழு வயது.

படம் தொடங்கும்போதே மந்தாகினியின் முகம் பெரிதாக வரும். அவள் சிரிப்பாள். கோபப்படுவாள். முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாவம் மாறும். பிறகு அதே முகம் கிருஷ்ணனாக மாறும். தோழர்களைக் கூட்டிக்கொண்டு வெண்ணெய் திருடும் குறும்பும் படத்தில் உண்டு. இந்தப் படத்தின் பெரும்பகுதி அழியாமல் இன்றும் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஏழு வயதுச் சிறுமி சிரித்த சிரிப்பை இன்றும் நாம் பார்க்கலாம்.

சினிமாவுக்கு முன்பே நம் ஊரில் சிறுவர்கள் மேடையில் நடித்தார்கள். ‘பாய்ஸ் கம்பெனி’ என்ற பெயரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முழுவதும் சிறுவர்களே நடிக்கும் நாடகக் கம்பெனி அது. சங்கரதாஸ் சுவாமிகள் அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு நாடகம் எழுதினார், நடிப்பும் சொல்லிக் கொடுத்தார். எம்.ஜி.ஆர். சிறு வயதிலேயே வறுமையால் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். கம்பெனியில் சோறு கிடைக்கும். பாட்டும் நடிப்பும் கிடைக்கும். ஆனால் தாயின் மடியும் பள்ளிக்கூடமும் எட்டிப் போய்விடும்.

4. தெருப் பிள்ளைகளின் கூட்டம்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே சிரிப்புப் படம் எடுக்கும் ஒரு முதலாளி இருந்தார். அவர் பெயர் ஹால் ரோச். ஒரு நாள் அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சில பிள்ளைகள் கையில் மரக்குச்சியோடு நின்றார்கள். யாருக்குப் பெரிய குச்சி என்று சண்டை. ரோச் வேலையை மறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவர் போல நடிக்கும் பிள்ளைகளைவிட, பிள்ளையாகவே இருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பது சுவையானது என்று அவருக்குத் தோன்றியது.

1922-இல் அவர் ஒரு படவரிசையைத் தொடங்கினார். அதற்கு ‘அவர் கேங்’ என்று பெயர். ‘எங்கள் கூட்டம்’ என்று பொருள். ஏழைத் தெருவின் பிள்ளைகள் கூடி ஏதாவது வேலையில் இறங்குவார்கள். பழைய பலகையை வைத்து வண்டி கட்டுவார்கள். நாடகம் போடுவார்கள். எல்லாம் கோணலாகப் போகும். பணக்காரப் பையன் வந்து வம்பு செய்வான். கடைசியில் கூட்டமே வெல்லும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட ஒரு நாயும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஒவ்வொரு படமும் 10 நிமிடம் அல்லது 20 நிமிடம் ஓடும். பெரிய படத்துக்கு முன்னால் இதைக் காட்டுவார்கள்.

1922 முதல் 1944 வரை இப்படி 220 சின்னப் படங்கள் வந்தன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் வேறு பிள்ளைகள் வருவார்கள். கூட்டம் மட்டும் அப்படியே இருக்கும்.

தொடக்க காலப் பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதே ஆகவில்லை. அவர்களிடம் வசனத் தாளைக் கொடுத்து என்ன பயன்? டைரக்டர் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுக் கதையைச் சொல்வார். படம் ஓடும்போது ஒலிபெருக்கிக் குழலை வாயில் வைத்து, “ஓடு! திரும்பு! சிரி!” என்று கத்துவார். ஊமைப் படம்தானே! அவர் குரல் படத்தில் விழாது.

இன்னொன்றும் முக்கியம். அந்தக் காலத்து அமெரிக்காவில் கறுப்பு மக்களையும் வெள்ளை மக்களையும் பிரித்து வைத்திருந்தார்கள். பல மாநிலங்களில் பள்ளிக்கூடமும் தனித்தனி. நம் நாட்டில் ஊர் தனி, சேரி தனி என்று வைத்தார்களே, அதைப் போல. ஆனால் இந்தப் படங்களில் கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே மண்ணில் உருண்டு விளையாடினார்கள். எர்னி மாரிசன் என்ற கறுப்புச் சிறுவன் முதல் கூட்டத்திலேயே முக்கியமானவன். அதே படங்களில் கறுப்புப் பிள்ளைகளைக் கேலி செய்யும் காட்சிகளும் உண்டு. அந்தக் கேலிகளைப் பார்த்து இன்று பலர் வருந்துகிறார்கள். சேர்ந்து விளையாடியதும் உண்மை. கேலி செய்ததும் உண்மை.

ஸ்டுடியோவிலேயே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை இருந்தது. ஓர் ஆசிரியை பாடம் சொல்லிக் கொடுத்தார். இது நல்ல ஏற்பாடு. ஆனால் பண விஷயம் வேறு. 1955 முதல் இந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். காட்டியவர்களுக்கு வருமானம் வந்தது. நடித்த பிள்ளைகளுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

5. பனிக்கட்டி மேல் ஒரு குழந்தை

‘எங்கள் கூட்டம்’ நன்றாக ஓடியது. மற்ற கம்பெனிகளும் பிள்ளைகளைத் தேடின. 1932-இல் ஒரு கம்பெனி 10 நிமிடப் படங்களைத் தொடங்கியது. அவற்றில் மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகள் பெரியவர்களைப் போல நடிப்பார்கள். இடுப்பில் குழந்தைத் துணி, அதில் பெரிய ஊக்கு. மேலே மட்டும் பெரியவர் சட்டை. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் குழந்தைகளில் ஒருத்தி ஷெர்லி டெம்பிள். பின்னாளில் உலகமே அவளைக் கொண்டாடியது. நம் நாட்டில் 1937-இல் ‘பாலயோகினி’ என்ற தமிழ்ப் படம் வந்தது. அதில் நடித்த சிறுமி பேபி சரோஜா. அவளை ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றுதான் புகழ்ந்தார்கள். பல பெற்றோர் தங்கள் மகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு புகழ்!

ஷெர்லி வளர்ந்தார். பாட்டியானார். 1988-இல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் அந்தச் சிரிப்புப் படங்களைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. படப்பிடிப்பு நடந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பெட்டி என்றால் ஓர் ஆள் உள்ளே போகும் அளவு பெட்டி. உள்ளே ஒரு பெரிய பனிக்கட்டி. சொன்னபடி நடிக்காத குழந்தையை அந்தப் பெட்டிக்குள் தனியாக விட்டுக் கதவை மூடுவார்கள். உட்கார வேண்டுமானால் பனிக்கட்டிமேல்தான் உட்கார வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு இந்தத் தண்டனை!

திரையில் பார்த்த மக்களுக்கு இது தெரியாது. அவர்கள் கண்டது கன்னத்தில் குழி விழும் சிரிப்பைத்தான்.

நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை விளையாடும்போது சிரிப்பு தானாக வரும். ஆனால் பத்து முறை ஒரே காட்சியை எடுக்கும்போது? தூக்கம் வரும்போது? பசிக்கும்போது? அப்போதும் சிரி என்றால், அது விளையாட்டு அல்ல. அது வேலை. வேலைக்கு நேரம் வேண்டும். ஓய்வு வேண்டும். கூலி வேண்டும். பாதுகாப்பு வேண்டும்.

6. பணம் யாருக்கு?

சார்லி சாப்ளினை நமக்குத் தெரியும். சின்ன மீசை, பெரிய செருப்பு, கைத்தடி. 1921-இல் அவர் ‘தி கிட்’ என்ற படத்தை வெளியிட்டார். ‘பையன்’ என்று பொருள். அதில் அவர் ஏழை. தெருவில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கிறார். பையன் கொஞ்சம் வளர்ந்ததும் இருவரும் சேர்ந்து பிழைக்கிறார்கள். எப்படி? பையன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைப்பான். சிறிது நேரத்தில் சாப்ளின் முதுகில் கண்ணாடியைச் சுமந்துகொண்டு எதேச்சையாக வருவது போல வருவார். புதுக் கண்ணாடி போட்டுக் காசு வாங்குவார்!

பையனாக நடித்தது ஜாக்கி கூகன். பிறந்த ஆண்டு 1914. ஒரே படத்தில் உலகப் புகழ் பெற்றான். பிறகு பல படங்கள். அவன் சிறுவனாக இருந்தபோது சம்பாதித்தது 30 லட்சம் டாலருக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அது மலை போன்ற பணம்.

1935-இல் ஜாக்கிக்கு 21 வயது நிறைந்தது. அதே ஆண்டு அவன் தந்தை விபத்தில் இறந்தார். ஜாக்கி தன் பணத்தைக் கேட்டான். தாயும், தாய் மறுமணம் செய்துகொண்டவரும் கொடுக்க மறுத்தார்கள். பிள்ளை சம்பாதித்த பணம் பெற்றோருக்கே சொந்தம் என்று அன்றைய சட்டம் இருந்தது. 1938-இல் ஜாக்கி வழக்குப் போட்டான். பெரும்பகுதிப் பணம் அதற்குள் செலவாகிப் போயிருந்தது. முடிவில் அவன் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். மகன் தாய்மேல் வழக்குப் போட்ட செய்தி நாடு முழுவதும் பரவியது.

மக்கள் கேட்டார்கள்: “உழைத்தது பிள்ளை. பணம் மட்டும் ஏன் பிள்ளைக்கு இல்லை?”

1939-இல் கலிபோர்னியா மாநிலம் புதுச் சட்டம் போட்டது. பிள்ளை நடித்துச் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைக்காகத் தனியே வைக்க வேண்டும். இன்றும் அதைக் ‘கூகன் சட்டம்’ என்றே சொல்கிறார்கள்.

ஆனால் சட்டம் வந்தால் மட்டும் போதாது. ஷெர்லி டெம்பிள் 32 லட்சம் டாலர் சம்பாதித்தார். 22 வயதில் கணக்குப் பார்த்தார். மிச்சம் இருந்தது 44,000 டாலர்தான்.

இதைப் படிக்கும்போது பெற்றோரைத் திட்டத் தோன்றும். ஆனால் ஏழை வீட்டின் நிலைமை வேறு. பெங்களூரில் எல்லாருக்கும் தெரிந்தவர் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார். அவர் சிறுவனாக நடித்த ஒரு படம் ‘பெட்டத ஹூவு’. ‘மலைப்பூ’ என்று பொருள். 1985-இல் வந்தது. சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. புனித் 2021-இல் காலமானார்.

அந்தப் படத்தில் வரும் சிறுவன் ஏழை. அவனுக்கு ஒரு புத்தகம் வாங்க ஆசை. கவிஞர் குவெம்பு எழுதிய ராமாயணப் புத்தகம். காட்டில் அரிய பூக்களைப் பறித்து விற்றுக் காசு சேர்க்கிறான். காசு சேர்ந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் எல்லாரும் குளிரில் நடுங்குகிறார்கள். அவன் புத்தகம் வாங்கவில்லை. கம்பளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

பிள்ளையின் காசு குடும்பத்துக்கு உதவுவது தவறா? தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிள்ளையின் புத்தகத்துக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் அல்லவா?

7. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைக்கக் கூடாது. சினிமா, விளம்பரம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் மட்டும் நடிக்கலாம். சர்க்கஸில் சேர்க்கக் கூடாது. நடிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. 2017-இல் வந்த விதிகள் இவை:

ஒன்று: பிள்ளை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

இரண்டு: தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

மூன்று: பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது. படிப்புக்குப் படக் கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான்கு: படம் எடுப்பவர் மாவட்ட ஆட்சியரிடம் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளின் பட்டியலையும் பெற்றோரின் சம்மதத்தையும் கொடுக்க வேண்டும். கர்நாடகத்தில் டி.சி. என்கிறோமே, அவர்தான் மாவட்ட ஆட்சியர்.

ஐந்து: ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

ஆறு: பிள்ளையின் வருமானத்தில் 100 ரூபாய்க்கு 20 ரூபாயாவது பிள்ளையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். அது அரசுடைமையாக்கப்பட்ட வங்கியாக இருக்க வேண்டும். பிள்ளை மேஜர் ஆனதும் பணம் பிள்ளைக்குச் சேரும்.

ஏழு: பிள்ளைக்கு விருப்பம் இல்லாவிட்டால் நடிக்க வைக்கக் கூடாது.

ஏழாவது விதியை மறுபடி படியுங்கள். அப்பா, அம்மா சரி என்றால் போதாது. பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். பனிக்கட்டிப் பெட்டிக்கு இங்கே இடம் இல்லை.

8. வீடு தேடி ஒருவர் வந்தால்

பெங்களூரில் கன்னடப் படம், தொடர், விளம்பரம் என்று எத்தனையோ படப்பிடிப்புகள் நடக்கின்றன. அவற்றுக்குப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். பிள்ளைகளைத் தேடி ஏஜெண்டுகள் வருவதும் உண்டு. ஒரு பேச்சைக் கற்பனை செய்து பார்ப்போம்.

“அக்கா, உங்க பையன் துறுதுறுன்னு இருக்கான். ஒரு விளம்பரத்துல நடிக்கப் பையன் கேக்குறாங்க. நாளைக்குக் காலைல வண்டி வரும்.”

“நாளைக்கு ஸ்கூல் இருக்கேண்ணா?”

“அஞ்சே நாள்தான் அக்கா. ஒரு நாளைக்கு 2,000 ரூபா. இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

“பேப்பரைக் குடுத்துட்டுப் போங்கண்ணா. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“படிக்க என்னக்கா இருக்கு? எல்லாரும் போடுறதுதான்.”

“எல்லாரும் போடட்டும்ணா. நான் படிச்சுட்டுப் போடுறேன். டி.சி. ஆபீஸ்ல அனுமதி வாங்கியாச்சா? அந்தக் காகிதத்தையும் கொண்டு வாங்க. பையன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்.”

அந்தத் தாய் சண்டை போடவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். முன்பு பெருவிரல் ரேகை வைத்த கை இன்று கையெழுத்துப் போடுகிறது. கையெழுத்துக்கு முன்னால் கண் படிக்க வேண்டும்.

காகிதத்தில் இவற்றைத் தேடுங்கள்: எந்தக் கம்பெனி? எந்த இடம்? எத்தனை நாள்? தினமும் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? பணம் எவ்வளவு? எப்போது தருவார்கள்? வைப்புத் தொகையை எந்த வங்கியில் போடுவார்கள்? பொறுப்பாளர் யார்? காகிதம் தெரியாத மொழியில் இருந்தால், படிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்புக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். உங்களிடம் முன்பணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

எந்தப் பிள்ளைக்காவது துன்பம் நேர்ந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது குழந்தைகள் உதவி எண். கட்டணம் இல்லை. இரவிலும் கூப்பிடலாம். உங்கள் பிள்ளைக்காகவும் கூப்பிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவும் கூப்பிடலாம்.

நடிப்பது கெட்ட வேலை என்று நாம் சொல்லவில்லை. சுவாமியாக நடித்த மஞ்சுநாத் வளர்ந்த பின் நடிப்பை விட்டார். படித்தார். பெங்களூரில் வேறு வேலைக்குப் போனார். ஷெர்லி டெம்பிள் பின்னாளில் கானா நாட்டுக்கும், அப்போதைய செக்கோஸ்லோவாகியா நாட்டுக்கும் அமெரிக்கத் தூதராகச் சென்றார். குழந்தை நட்சத்திரத்துக்குப் புகழ் சில ஆண்டுகள்தான் இருக்கும். பால் பல் விழுந்து, உயரம் வளர்ந்து, குரல் உடைந்தால் கம்பெனி வேறு பிள்ளையைத் தேடும். அதன் பிறகும் நீண்ட வாழ்க்கை இருக்கிறது. அதற்குப் படிப்பு வேண்டும். கையில் கொஞ்சம் பணமும் வேண்டும்.

அடுத்த முறை திரையில் ஒரு குழந்தை நம்மைச் சிரிக்க வைத்தால் நன்றாகச் சிரிப்போம். கூடவே, இந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போனதா, நேரத்துக்குச் சாப்பிட்டதா என்றும் நினைப்போம். அப்படி நினைப்பவர்கள் பெருகினால் கேட்பவர்களும் பெருகுவார்கள்.

புதிய சொற்கள்

படச்சுருள் – படம் பதியும் நீண்ட பிலிம்
ஊமைப் படம் – பேச்சு, பாட்டு இல்லாத பழைய சினிமா
ஒப்பந்தம் – இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதும் காகிதம்
நிரந்தர வைப்பு – குறித்த காலம் வரை எடுக்காமல் வங்கியில் போட்டு வைக்கும் பணம்
மேஜர் – 18 வயது நிறைந்தவர்

விடை சொல்லுங்கள்

1. உலகின் முதல் சிரிப்புப் படத்தில் சிறுவன் என்ன குறும்பு செய்தான்?
2. ‘காளிய மர்தன்’ படத்தில் கிருஷ்ணனாக நடித்தது யார்?
3. ஜாக்கி கூகன் ஏன் வழக்குப் போட்டான்?
4. நடிக்கும் பிள்ளை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்?

கணக்குப் போடுங்கள்

ஒரு பிள்ளை விளம்பரப் படத்தில் 5 நாள் நடித்தது. ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். மொத்தம் எவ்வளவு? அதில் 100 ரூபாய்க்கு 20 ரூபாய் வீதம் வங்கியில் போட வேண்டிய தொகை எவ்வளவு? (விடை: மொத்தம் 10,000 ரூபாய். வங்கியில் 2,000 ரூபாய்.)

கூடிப் பேசுங்கள்

பிள்ளை சம்பாதிக்கும் பணம் யாருக்குச் சொந்தம்? உங்கள் கற்போர் வட்டத்தில் பேசுங்கள். இந்தப் பாடத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள்.